கொடியும் கொள்கொம்பும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தமிழ் இலக்கணத்தின் தலைநூலாகிய தொல்காப்பியம் நிலங்களைப் பகுத்துப் பெயரிடுகையில் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்கிறது. முல்லை கொடி, குறிஞ்சி செடி, மருதம் மரம், நெய்தல் நீர்ப்பூ. இவற்றுள் முதலில் வைத்து எண்ணப்படுவது முல்லை. அது மாயோனாகிய நம் திருமாலின் நிலம். அதற்கு உரிப்பொருள் ‘இருத்தல்’. கார்காலத்தில் மீள்வேன் என்று சொல்லிப் பிரிந்த தலைவன் வருமளவும், அவன் சொல்லையே தாரகமாகக் கொண்டு தலைவி ஆற்றியிருப்பதே இருத்தல். மாயோனுக்கு உரிய மலர் கொடியில் பூப்பது. மாயோன் நிலத்தின் ஒழுக்கம் காத்திருப்பது. இவ்விரண்டையும் சேர்த்து நினைத்தால் அருளிச்செயலில் ஆழ்வார்கள் நாயகி பாவத்தில் பேசும் இடங்களுக்கெல்லாம் ஒரு திறவுகோல் கிடைக்கிறது.

இவ்விதழில் கொடி என்னும் அந்த ஓர் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அநுபவிக்கப் புகுகிறோம். அதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டில் வாழும் ஒரு பாகவதர் குடும்பத்தார் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டனர். அவ்வில்லத்துப் பெரியவர் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சேவாகால கோஷ்டியில் நின்றவர். நாலாயிரமும் ஏடு பாராமல் சேவிக்க வல்லவராயிருந்தவர். இப்போது மறதி நோயால் பெற்ற மகனையே யாரென்று வினவுகிறார். ஒரு பாசுரத்தின் முதலடியைத் தொடங்கினால் அங்கேயே நின்றுவிடுகிறார். “திருமந்திரமும் நினைவில் இல்லாமற்போனால், அவர் செய்த சரணாகதி என்னவாகும்? கடைசி நேரத்தில் எம்பெருமானை அவர் எப்படி நினைப்பார்?” என்பதே அக்குடும்பத்தார் கேள்வி. இது ஓர் இல்லத்துக் கேள்வி மட்டுமன்று; வயது ஏறஏற நம்முள் ஒவ்வொருவர் நெஞ்சிலும் எழுவது. இதற்கு விடையைக் கொடியிடமே கேட்போம்.

கொழுந்தின் தவிப்பு

கடல்மல்லையில் குருக்கத்தி மலரில் அவதரித்தவர் பூதத்தாழ்வார் என்பது குருபரம்பரைப் பிரசித்தம். குருக்கத்தி, மாதவி என்று வடமொழியில் வழங்கும் படர்கொடி. கொடியின் பூவிலே தோன்றிய அவ்வாழ்வார், இரண்டாம் திருவந்தாதியின் 27-ஆம் பாசுரத்தில் தம் நெஞ்சின் நிலையைச் சொல்லக் கொடியின் கொழுந்தையே உவமையாக எடுத்தது மிகப் பொருத்தமானது. பற்றுதற்கு ஒரு கோல் கிடைக்குமா என்று கொழுந்து தேடி ஓடுவது போல், மாலைத் தேடி மனம் ஓடுகிறது என்பது அப்பாசுரத்தின் திரண்ட பொருள். அந்த மனம் பருத்து, நிமிர்ந்து, சந்திரனையும் உராய்ந்துகொண்டு ஆகாயத்தின் உச்சியை நோக்கிப் போகிறதாம்.

இங்குக் கூர்ந்து நோக்கத் தக்கது ஒன்று உண்டு. மரம் உயர்ந்தால் அது மரத்தின் வலிமை. கொம்பில்லாக் கொடி உயர்ந்தால் அது அதன் அபாயம். தண்டுக்குத் தன்னைத் தாங்கும் உரம் இல்லை. ஆனால் வளர்ச்சியோ நிற்பதில்லை. எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு துவளும். ஆழ்வாருடைய பக்தி பெருகப்பெருகத் தரிப்பு அரிதாகிறது என்பதை இதனினும் நயமாகச் சொல்ல இயலாது. பக்தி வளர்ந்தது, அந்த வளர்ச்சியே எம்பெருமான் தாங்கினாலன்றி நில்லாது என்ற நிலையைக் கொண்டுவந்து விட்டது.

கொடியிடம் இரு தன்மைகளைக் காண்கிறோம். ஒன்று, தன்னால் நிற்க மாட்டாமை. இதுவே நம் ஸம்ப்ரதாயத்தில் ஆகிஞ்சந்யம், அதாவது கைம்முதல் இல்லாமை. மற்றொன்று, கொம்பு ஒன்றையன்றி வேறொன்றால் நிலைபெற மாட்டாமை. இதுவே அநந்யகதித்வம், வேறு புகல் இல்லாமை. நீர் வார்த்தால் கொடி வளரும்; எரு இட்டால் தழைக்கும்; ஆயினும் நீரும் எருவும் கொம்பாகா. நாம் கற்ற கல்வி, செய்த கைங்கர்யம், மனப்பாடம் செய்த பாசுரங்கள் யாவும் கொடியைத் தழைக்கச் செய்தவை. அவை வேண்டியவையே. ஆனால் அவற்றைக் கொம்பென்று எண்ணியிருந்தால்தான், அவை நழுவும்போது யாவும் நழுவியதாகத் தோன்றும்.

கொடிக்காலில் முன்னது எது?

வெற்றிலை பயிரிடும் தோட்டத்தைக் கொடிக்கால் என்பர். ஆழ்வார் திருநகரியைப் போலவே பொருநைக் கரையில் அமைந்த ஆத்தூர், வெற்றிலைக்குப் பேர்போன ஊர். நாம் வங்கிப் பணியில் இருந்த காலத்தில், கொடிக்காலுக்குக் கடன் வேண்டி வருவோரின் நிலத்தைப் போய்ப் பார்ப்பதும் அலுவல்களுள் ஒன்றாயிருந்தது. அங்கே விவசாயிகளிடம் அறிந்துகொண்டது ஒரு வேதாந்த பாடம்.

கொடிக்காலில் முதலில் நடுவது வெற்றிலைக் கொடியன்று. முதலில் அகத்தியை விதைப்பார்கள். அகத்தி முளைத்து, ஓரளவு உயர்ந்து, நிழல் தரத் தொடங்கிய பின்னரே, அதன் அடியில் வெற்றிலைக் கொடியைப் பதிப்பார்கள். கொடி பிறந்து, தவித்து, வேண்டிக்கொண்ட பிறகு கொம்பைத் தேடிக் கொண்டுவருவதில்லை. கொடி மண்ணில் ஊன்றப்படும் முன்பே அதற்கான கொம்பு வேரூன்றி நிற்கிறது.

எம்பெருமானைச் சித்தோபாயம் என்று நம் பூர்வாசார்யர்கள் வழங்குவதன் கருத்து இதுவே. சித்தம் என்றால் முன்னமே இருப்பது. நம்மால் புதிதாக உண்டாக்கப்பட வேண்டாதது. சரணாகதியின் ஸ்வரூபத்தைப் பற்றி ஆசார்யர்களிடையே நுட்பமான நிர்வாக பேதங்கள் உண்டு. ஆயினும் எம்பெருமானே சித்தமான உபாயம் என்பதில் இரு திறத்தாருக்கும் பேதமில்லை. கொடி பற்றியதால் அகத்தி முளைக்கவில்லை; கொடி பிடி தளர்ந்தால் அகத்தி பட்டுப்போவதும் இல்லை.

இன்னும் ஒன்று. அகத்தி அருகில் நின்றாலும், விவசாயி கொடியைத் தானே ஏறட்டும் என்று விட்டுவிடுவதில்லை. கொடி வளரவளர வாழைநார் கொண்டு அகத்தியோடு அணைத்துக் கட்டிக்கொண்டே வருகிறான். இறுகக் கட்டினால் தண்டு நசுங்கும். தளரக் கட்டினால் சரியும். அளவறிந்து கட்ட வேண்டும். இந்தத் தொழில் ஆசார்யனுடையது. சேதனனையும் எம்பெருமானையும் சேர்த்து வைப்பவன் அவனே. பஞ்ச ஸம்ஸ்காரத்தன்று நம் தோளில் சங்க சக்கர லாஞ்சனம் இட்டபோது அவன் நம்மைக் கட்டிவிட்டான். அந்தக் கட்டு நம் ஞாபகத்தில் இல்லை. ஆசார்யனுடைய ஸங்கல்பத்தில் இருக்கிறது. கொடி தன் கட்டை நினைத்துக்கொண்டிருப்பதாலா அது கட்டுண்டிருக்கிறது?

கொம்பு தேடிய கதை

இதுவரை கொடி கொம்பைத் தேடுவதையே பேசினோம். கொம்பு கொடியைத் தேடுவது உண்டோ எனில், உண்டு. ஸ்ரீமத் ராமாயணத்தின் ஆரண்ய காண்டத்தில், பிராட்டியைக் காணாத பெருமாள் பர்ணசாலையைச் சுற்றியுள்ள மரங்களிடம் போய்ப்போய் வினவுகிறார். பிராட்டிக்குக் கடம்பு பிரியம் என்பதால் கடம்பை முதலில் கேட்கிறார். வில்வத்தைக் கேட்கிறார், மருதைக் கேட்கிறார். அசோக மரத்தின் முன் நின்று, சோகமில்லாதது என்ற உன் பெயரை எனக்கும் உண்டாக்கு என்று யாசிக்கிறார். உலகத்துக்கெல்லாம் தாரகனானவன் ஒரு கொடியைக் காணாமல் மரந்தோறும் அலைகிறான்.

இதை வெறும் மானுட பாவனை என்று கடந்துவிடலாகாது. ஆத்மா எம்பெருமானுக்கு உடைமை, அவன் உடையவன். உடைமை காணாமற்போனால் தேடுபவன் உடையவனேயன்றி உடைமை அன்று. பெட்டகத்திலிருந்து தவறிய நகை தன் சொந்தக்காரனைத் தேடிப் புறப்படுவதில்லை. நகைக்குத் தன்னை மறந்த நிலை எப்போதும் உண்டு. உடையவனுக்குத்தான் அது கிடைக்குமளவும் உறக்கம் இல்லை. ஆகவே பூதத்தாழ்வார் சொன்ன ‘மால்’ என்ற பெயரையும் ஆழ்ந்து நினைக்க வேண்டும். மால் என்றால் பெரியவன். மால் என்றால் மயக்கமும் ஆம். அடியார் மேல் பித்துக் கொண்டவன் அவன். நெஞ்சு தேடி ஓடியது தன்னைத் தேடி வருகிறவனை நோக்கியே.

சங்க இலக்கியத்திலும் இதற்கு ஒரு சாயல் கிடைக்கிறது. பற்றுக்கோடின்றித் துவண்டு கிடந்த முல்லைக்குப் பறம்பு மலைத் தலைவன் பாரி தன் தேரையே விட்டுச் சென்றான். தன்னைப் புகழ்ந்து பாட அந்தக் கொடிக்கு நாவில்லை என்பதை எடுத்துக் காட்டியே கபிலர் அக்கொடையைச் சிறப்பிக்கிறார். புலவர் பாடினார், பரிசில் கொடுத்தான் என்றால் அது உலக வழக்கு. பாட மாட்டாத ஒன்றுக்குக் கொடுத்தானே, அதுதான் அருள். நாவில்லாத கொடிக்கு ஒரு சிற்றரசன் தேர் ஈந்தான் எனில், நா எழாத அடியானுக்கு, பார்த்தனுடைய தேர்த்தட்டில் நின்று சரம ச்லோகம் அருளியவன் எதைத்தான் ஈயான்?

துளசியைக் கேட்ட மகள்

திருவாய்மொழி நாலாம் பத்தின் இரண்டாம் திருவாய்மொழியில் நம்மாழ்வார் தாய் பாசுரமாகப் பேசுகிறார். அத்தாய் தன் மகளைக் கொடியாகவே பேசுகிறாள். அந்தக் கொடி கேட்பது ஒன்றே ஒன்று: எம்பெருமான் திருவடியில் சாத்திய துளசி. அதுவும் எந்தத் துளசி? ஆலிலையில் துயின்ற காலத்திலும், முந்தைய அவதாரங்களிலும் அவன் அணிந்திருந்ததை இப்போது வேண்டுகிறாள். காலம் கடந்துபோன ஒன்றைக் கேட்கிறாளே, இது கிடைக்குமா என்று தாய் கலங்குகிறாள்.

மறதியில் ஆழ்ந்த முதியவரை அருகிருந்து பார்ப்பவர்கள் இந்தப் பதிகத்தைச் சற்றே வேறு செவியோடு கேட்பார்கள். அவர்களும் இப்படித்தான் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த புறப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து நிற்பார்கள். என்றோ பரமபதித்த அத்யாபகர் வந்துவிட்டாரா என்று கேட்பார்கள். காலம் அவர்களுக்குக் குழம்பிவிட்டது என்கிறோம். ஆழ்வாருடைய நிலை வேறு. அது நோயன்று, பக்தியின் பரிபாகம். இரண்டையும் ஒன்றென்று சொல்வது அபசாரம். ஆயினும் அத்தாய் செய்ததை நாமும் செய்யலாம். அவள் மகளை வாதிட்டுத் திருத்தவில்லை, அதட்டவில்லை. மகள் எதைக் கேட்கிறாள் என்பதைக் காது கொடுத்துக் கேட்டு, அதைப் பத்துப் பாசுரமாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்ட துளசி கிடைக்காவிட்டாலும், இன்று பெருமாளுக்குச் சாத்திய துளசி நம் அகத்துக் கோயிலாழ்வாரில் இருக்கிறது. அதை அந்த முதியவர் உள்ளங்கையில் வைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

துளசிக்குக் கொம்பு தேவையில்லை. ஆனால் அதற்கு உயரமும் இல்லை, கனிச்சுவையும் இல்லை. அதன் ஏற்றமெல்லாம் திருவடி ஸம்பந்தத்தால் வந்தது. பறித்த பின்னும், வாடிய பின்னும் அதை நாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம்; வாடியதால் அது நிர்மால்யமாயிற்றேயன்றிக் குப்பையாகவில்லை. திருவடியைத் தொட்ட ஒன்றுக்கு வாட்டம் குறையன்று.

கொடி இறக்குதல்

மீண்டும் கொடிக்காலுக்கு வருவோம். ஏறிய கொடி அகத்தியின் உச்சியை எட்டி, கைக்கெட்டாத உயரம் போய்விட்டால், விவசாயி கட்டுகளை அவிழ்த்துக் கொடியைக் கீழே இறக்குவான். இறக்கிய கொடியை எறிவதில்லை. வளையமாகச் சுருட்டி, அதே அகத்தியின் அடியில் மண்ணில் பதித்து, நுனியை மட்டும் மீண்டும் அகத்தியில் அணைப்பான். பதித்த கணுக்களிலிருந்து புது வேர் விடும். கொடி புத்துயிர் பெறும். அறியாதவன் ஒருவன் அந்த வேளையில் தோட்டத்துக்குள் வந்தால், இத்தனை உயரம் ஏறிய கொடியைப் பாழாக்கினார்களே என்று பதறுவான். தோட்டக்காரன் பதறுவதில்லை. கொடி இறங்கியிருக்கிறது; ஆனால் கொம்பின் அடியிலேயே இறங்கியிருக்கிறது.

அறுபது ஆண்டுகள் ஏறிய ஞாபகம் ஒரு முதியவருக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போது, நாம் பதறும் பார்வையாளராக நிற்கிறோம். அவரை நட்டவன் அருகில் நிற்கிறான் என்பதை மறக்கிறோம். பாசுரம் ஒவ்வொன்றாக அவிழ்கிறது, பெயர்கள் அவிழ்கின்றன, கடைசியில் தன் பெயரும் அவிழ்கிறது. அவிழ்ந்த கொடி விழும் இடம் எது? அகத்தியின் அடி. எம்பெருமானைப் பற்றிச் சொன்னால், திருவடி. அறுபது ஆண்டுகள் எந்தத் திருவடியை நோக்கி ஏறினாரோ, அந்தத் திருவடியிலேதான் இறங்குகிறார்.

அவன் நினைக்கிறான்

இனி நேர் விடைக்கு வருவோம். அந்திம காலத்தில் நினைவு வருமோ என்ற அச்சம் புதிதன்று. பெரியாழ்வாரே அரங்கத்தரவணைப் பள்ளியானை நோக்கி, இளைப்பு வந்து நலியும் அக்காலத்தில் உன்னை நினைக்க மாட்டேன், ஆகையால் அதற்கும் சேர்த்து இன்றே விண்ணப்பித்து வைத்தேன் என்று முறையிட்டிருக்கிறார். நந்தவனம் வளர்த்து மாலை கட்டிய அப்பெரியவருக்குத் தெரியும், பூ மலரும் வேளையில் பறித்துச் சாத்த வேண்டும் என்று. தெளிந்திருந்தபோது சொல்லியது தெளிவில்லாத காலத்துக்கும் செல்லும். கணக்கில் முன்கூட்டிச் செலுத்திய தொகைக்குப் பின்னாளில் ரசீது தொலைந்தாலும், பேரேடு அவனிடம் இருக்கிறது.

அதற்கு எம்பெருமான் தந்த மறுமொழி வராஹ சரம ச்லோகம். உடலும் நெஞ்சும் நன்றாக இருக்கும் காலத்தில் என்னை நினைத்தவன், பின்னர் அந்திமத்தில் கட்டையும் கல்லும் போலக் கிடந்தால், அப்போது என் பக்தனை நான் நினைக்கிறேன். அவனைப் பரமகதிக்கு நானே கொண்டு சேர்க்கிறேன் என்று பூமிப்பிராட்டிக்கு அருளிச்செய்தான். கட்டை என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒரு காலத்தில் பசுமையாய்ப் படர்ந்ததுதான் பிற்பாடு உலர்ந்து கட்டையாகிறது. தளிராயிருந்தபோது அது நினைத்தது. கட்டையானபோது அவன் நினைக்கிறான். நினைவு அழிந்துபோகவில்லை, இடம் மாறியிருக்கிறது.

ஆழ்வார் திருநகரியில் நம்மாழ்வார் 16 ஆண்டுகள் எழுந்தருளியிருந்த திருப்புளியை உறங்காப்புளி என்று பெரியோர் வழங்குவர். பொதுவில் புளியமரம் இரவில் இலை கூம்பும். அந்தத் திருப்புளியோ கூம்புவதில்லை என்றும், திருவனந்தாழ்வானே ஆழ்வாருக்கு நிழலாக வந்து நின்றான் என்றும் ஐதிஹ்யம். அதன் அடியில் பேசாமல் இருந்த குழந்தையை, பேசாததால் அந்த மரம் கைவிடவில்லை. உள்ளிருப்பவர் விழித்தாலும் உறங்கினாலும், பேசினாலும் பேசாதிருந்தாலும், நிழல் தருவது உறங்குவதில்லை.

ஆகவே அந்தக் குடும்பத்தாருக்கு நாம் விண்ணப்பிப்பது இவ்வளவே. பெரியவருடைய சரணாகதிக்குக் குறைவில்லை. அவர் நினைக்க வேண்டியதை நினைத்து முடித்துவிட்டார். இனி நினைப்பது எம்பெருமான் பொறுப்பு. உங்கள் பொறுப்பு வாழைநாரின் பொறுப்பு. நாள்தோறும் ஒரு வேளையாவது அவர் காதில் விழுமாறு திருப்பல்லாண்டும் திருப்பாவையும் சேவியுங்கள். அவர் நிறுத்திய அடியிலிருந்து நீங்கள் தொடருங்கள். சரியாகச் சொல்லும்படி அவரைச் சோதிக்க வேண்டாம். தீர்த்தமும் துளசியும் கொடுங்கள். நெற்றியில் திருமண்காப்பு அவரால் இட்டுக்கொள்ள இயலாவிடில் நீங்கள் இட்டுவிடுங்கள். இறுக்காமலும் தளர்த்தாமலும் அணைத்துக்கொள்ளுங்கள். உங்களை அவர் யாரென்று கேட்டால், அடியேன் என்று சொல்லுங்கள். அது அவருக்கு மிகப் பழகிய சொல்.

தெளிந்த நெஞ்சோடு இதைச் சேவிக்கும் நமக்கோ, பெரியாழ்வார் காட்டிய வழி இருக்கிறது. அன்றைக்கு வேண்டியதை இன்றே விண்ணப்பித்து வைப்போம். அதன்பின் முல்லைக்கு உரிய ஒழுக்கமே நமக்கும் உரியது: வருவேன் என்றவன் சொல்லை நம்பி இருத்தல்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.